வெங்காயச் சருகும் அத்தையின் சாட்சியும்



உயிர்த்தெழுதல் ஞாயிறு நெருங்கும்போதெல்லாம், நகரங்களில் வாழும் நம்முடைய குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும்புகிறது. ஊரில் இருந்தவரை இந்தக் கேள்வி நமக்கு இருந்ததில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் புல்வெளியில் பிளாஸ்டிக் முட்டைகளை ஒளித்துவைத்துப் பிள்ளைகளைத் தேடச் சொல்கிறார்கள். பேக்கரிக் கண்ணாடிக்குள் சர்க்கரைப் பூ வைத்த முட்டைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. பள்ளியிலிருந்து வரும் பிள்ளை, "அம்மா, நம்முடைய வீட்டிலும் முட்டைக்கு வண்ணம் பூசலாமா?" என்று கேட்கிறது. இதற்கு என்ன பதில் சொல்லுவது?

நம்மிடத்தில் ஆயத்தமாக இரண்டு பதில்கள் உண்டு. இஸ்தார் என்னும் பாபிலோனிய தேவதையின் பண்டிகையே ஈஸ்டர், முட்டை அவளுடைய அடையாளம், ஆகவே தொடாதே என்பது ஒன்று. முட்டை ஓடு கல்லறைக்கும் உள்ளிருக்கும் குஞ்சு உயிர்த்தெழுந்த கர்த்தருக்கும் அடையாளம், ஆகவே தாராளமாய்ச் செய் என்பது மற்றொன்று. எங்கள் நகரச் சபையின் மூப்பர் ஒருவர் முதலாவது பதிலைத் துண்டுப் பிரதியாகவே என் கையில் கொடுத்தார். பக்கத்து வீட்டு சகோதரி இரண்டாவது பதிலை அலைபேசியில் படமாக அனுப்பினார். இரண்டையும் வாசித்தபின், இரண்டுமே அவசரப்பட்டுச் சொல்லப்பட்டவை என்றே எனக்குத் தோன்றியது.

முதலாவது பதிலை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்து தேசத்துத் துறவியாகிய பீட் என்பவர் கி.பி. 725-ல் காலக்கணக்கைக் குறித்து எழுதிய நூலில், ஆங்கிலேயர் ஏப்ரலை ஒட்டிய மாதத்திற்கு இயோஸ்ட்ரே என்னும் தேவதையின் பெயரை வைத்திருந்ததாகச் சொல்லுகிறார். அவ்வளவுதான். அவர் முட்டையைக் குறித்து எதுவும் சொல்லவில்லை; முயலைக் குறித்தும் சொல்லவில்லை. பாபிலோனோடு இதை முடிச்சுப்போட்டுப் பரப்பியவர், 1850-களில் ஸ்காட்லாந்தில் நூல் எழுதிய அலெக்சாந்தர் ஹிஸ்லப் என்னும் போதகர். ஓசை ஒத்திருப்பதை வைத்தே அவர் உறவு கட்டினார். ஆனால் ஈஸ்டர் என்கிற பெயரோ ஆங்கிலம், ஜெர்மன் முதலிய சில மொழிகளில் மாத்திரமே வழங்குகிறது. கிரேக்கரும் சீரியரும் லத்தீன் சபையாரும் அந்தப் பண்டிகையைப் பஸ்கா என்ற சொல்லாலேயே அழைத்துவந்தார்கள். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் அப்போஸ்தலருடைய நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தில் ஈஸ்டர் என்று போடப்பட்ட இடத்தில், நம்முடைய தமிழ் வேதாகமத்தில் பஸ்கா என்றே இருக்கிறது. பெயரைக் கொண்டு தீர்ப்புச் சொல்லுகிறவர்கள் தமிழ் வேதாகமத்தைத் திறந்து பார்த்திருந்தால் பாதி வாக்குவாதம் குறைந்திருக்கும்.

இரண்டாவது பதிலுக்கும் வேதத்தில் ஆதாரம் இல்லை. மகதலேனா மரியாள் ரோமச் சக்கரவர்த்தியின் முன்பாக ஒரு முட்டையைக் கையில் ஏந்தி நின்றபோது அது சிவந்தது என்று கிழக்கத்திய சபைகளில் ஒரு கதை வழங்குகிறது. அழகான கதைதான், ஆனால் சுவிசேஷத்தில் அது இல்லை. வேதத்தில் முட்டை வருகிற இடங்கள் சிலவே. கூட்டில் இருக்கிற தாய்ப்பறவையைக் குஞ்சுகளோடும் முட்டைகளோடும் பிடிக்கலாகாது என்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஏசாயா விரியன் முட்டையைக் குறித்துப் பேசுகிறார். யோபு முட்டையின் வெள்ளைக்கருவில் ருசி ஏது என்று சலித்துக்கொள்ளுகிறார். லூக்கா 11-ல், முட்டை கேட்கிற பிள்ளைக்குத் தேளைக் கொடுக்கிற தகப்பன் உண்டோ என்கிற பொருளில் நம்முடைய ஆண்டவர் கேட்கிறார். அந்த இடத்தில் முட்டை வேறொன்றிற்கும் அடையாளமல்ல. பசித்த பிள்ளைக்கான ஆகாரம். எனக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

அப்படியானால் முட்டைக்கும் பண்டிகைக்கும் உறவு எப்படி வந்தது? இதற்கு மறைபொருள் எதுவும் தேவையில்லை; சமையலறைக் கணக்கு போதும். பழைய சபைகளில் நாற்பது நாள் உபவாசகாலத்தில் மாம்சம் மாத்திரமல்ல, பாலும் முட்டையும் விலக்கப்பட்டிருந்தன. கி.பி. 692-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கத்தின் 56-ஆம் பிரமாணம், அர்மேனியா நாட்டில் சிலர் உபவாசகாலத்துச் சனிக்கிழமைகளிலும் ஞாயிறுகளிலும் முட்டையும் பாலாடைக்கட்டியும் புசிப்பதைக் குறிப்பிட்டுத் தடை செய்கிறது. மனிதர் உபவாசிக்கலாம்; கோழி உபவாசிக்குமா? அது முட்டையிட்டுக்கொண்டேதான் இருக்கும். சேர்ந்துபோன முட்டைகளை வேகவைத்துப் பாதுகாத்தார்கள். உபவாசம் முடிகிற காலையில் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கைநிறையக் கிடைத்தது அதுவே. சந்தோஷத்திற்காக அதற்கு வண்ணமும் ஏற்றினார்கள். 1290-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு ராஜா பண்டிகைக்காக 450 முட்டைகளுக்கு 18 பென்ஸ் செலவிட்டதும், அவற்றை வண்ணமும் பொற்தகடும் இட்டு அரண்மனையாருக்குப் பகிர்ந்ததும் அவருடைய வீட்டுக் கணக்கிலேயே இருக்கிறது.

கேரளத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. சுரியானி கிறிஸ்தவ வீடுகளில் ஐம்பது நோன்பு முடிகிற விடியற்காலையில் அப்பமும் இறைச்சியும் முட்டைக்கறியும் மேசைக்கு வருவதை நாம் பார்த்திருக்கிறோம். நம்முடைய பெந்தெகொஸ்தே சபைகளில் அப்படிப்பட்ட நாள் ஆசரிப்பு இல்லை. ஆகவே நோன்பு முடிந்த முட்டையின் சந்தோஷமும் நமக்குத் தெரியாமற்போயிற்று. தெரியாததெல்லாம் பாவமாகிவிடாது, அல்லவா?

வெங்காயத் தோலால் முட்டைக்கு வண்ணம் ஏற்றுவது உலகத்தின் பல பாகங்களில் பழைமையான வழக்கம். அர்மேனியர் இன்றும் அப்படியே செய்கிறார்கள். சென்னைப் பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு என்று ஒன்று உண்டு. அங்கே அரண்மனையும் இல்லை, அரண்மனைக்காரரும் இல்லை. அர்மேனியன் தெரு என்பதே தமிழ் நாவில் அப்படித் திரிந்தது. 1772-ல் மறுபடியும் கட்டப்பட்ட அவர்களுடைய தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது. உலகத்தின் முதலாவது அர்மேனியப் பத்திரிகை 1794-ல் அச்சானது மதராசிலேதான். ஸ்பெயின் தேசத்திலிருந்து துரத்தப்பட்ட யூதரும் ஓய்வுநாளுக்கும் பஸ்காவுக்கும் வெங்காயத் தோலோடு முட்டையை இரவெல்லாம் சிறுதீயில் வைத்துப் பழுப்பேற்றுகிறார்கள். கிரேக்கர் பெரிய வியாழனன்று சிவப்பு முட்டை ஆயத்தப்படுத்துகிறார்கள். உக்ரைன் தேசத்தார் தேன்மெழுகால் கோலமிட்டு வண்ணத்தில் தோய்க்கிற கலையை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அந்தத் தேசத்தில் யுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில் அது நடந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுகிறேன்.

கடையில் விற்கிற சாயப்பொடி நமக்கு ஏன் வேண்டாம் என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது நினைவிருக்கும். துணிக்கும் தோலுக்கும் போடுகிற ரோடமின்-பி என்னும் சாயம் அதில் இருந்ததே காரணம். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு; சாயம் உள்ளே இறங்கும். தெருவில் கூடையில் வைத்து விற்கிற இளஞ்சிவப்பு, பச்சைக் கோழிக்குஞ்சுகளைக் கண்டு நம் பிள்ளைகள் துள்ளுகிறார்கள். முட்டையிடுகிற இனத்தில் பிறந்த சேவற்குஞ்சுகளால் பண்ணைக்கு ஆதாயமில்லை. ஆகவே சாயத்தில் முக்கித் தெருவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலானவை சில நாட்களில் செத்துப்போகின்றன. முட்டைக்கு வண்ணம் பூசலாமா என்று இவ்வளவு ஆராய்கிற நாம், அதை மட்டும் கேள்வி கேட்காமல் பத்து ரூபாய் கொடுத்து வாங்கிவிடுகிறோம்.

இனி எங்கள் வீட்டுக் காரியத்திற்கு வருகிறேன்.

நாங்கள் பெங்களூரில் குடியிருக்கிறோம். என் கணவரின் ஊர் கோபாலபுரம். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில் எல்லைச் சோதனைச் சாவடி இருக்கிற ஊர் அது. கடைப் பலகையில் மலையாளம், வீட்டுக்குள் தமிழ். சாலைக்குக் கிழக்கே பொள்ளாச்சிப் பக்கத்து உணவகத்தில் சாதாரணத் தண்ணீர் வைப்பார்கள்; மேற்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போனால் பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீர் வரும். 2025-ல் உயிர்த்தெழுதல் ஞாயிறு ஏப்ரல் 20-ஆம் தேதி வந்தது. கோடை விடுமுறையானபடியால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பத்து நாட்களுக்கு அங்கே போயிருந்தோம். மூத்தவளுக்குப் பதினொரு வயது. பெங்களூரில் தன் தோழியின் வீட்டில் முட்டைக்கு வண்ணம் ஏற்றியதைப் பார்த்துவந்து, அதை அப்பத்தா வீட்டில் செய்யவேண்டும் என்று ரயிலிலேயே தீர்மானித்துவிட்டாள். குழம்புக்கு வைத்திருந்த மஞ்சள்தூளும் பீட்ரூட்டும் போதும் என்பது அவளுடைய திட்டம். நானோ எதையும் தொடங்குவதற்கு முன்பு அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றேன்.

அத்தை முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். பேத்தி ஓடிப்போய், "அப்பத்தா, முட்டைக்கு மஞ்சளும் செவப்பும் பூசி, மேலே ஏசப்பா பேர எழுதலாமா?" என்று கேட்டாள். அத்தையின் கை நின்றுவிட்டது. முகம் மாறிற்று. "என்ன கண்ணு, முட்டையிலயா? எழுத்தா?" என்றார்கள். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். ஜெப அறையிலிருந்து அவர்கள் திரும்பி வர அரை மணி நேரம் ஆயிற்று.

அந்தப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. நகரத்தில் பிறந்தவர்களுக்காகச் சொல்லுகிறேன். வண்ணம் பூசி எழுத்து வரைந்த முட்டை என்றால் அங்கே பண்டிகை அல்ல. மலையாளத்தில் கூடோத்திரம் என்பார்கள். தமிழில் செய்வினை என்போம். மஞ்சளும் குங்குமமும் தடவி, கரியால் எழுத்தும் கட்டமும் வரைந்த முட்டையை இரவில் ஒருவருடைய வாசற்படியிலோ கிணற்றடியிலோ புதைத்துவைப்பார்கள். அதைக் கண்டெடுத்த வீட்டில் அன்றையிலிருந்து காய்ச்சல் வந்தாலும் அதனால்தான், மாடு செத்தாலும் அதனால்தான். அதை எடுப்பதற்கு ஒரு மந்திரவாதி, அவனை அழைத்துவர ஒரு தரகன், கொடுப்பதற்கு ஒரு பவுன் கம்மல். பயமே அங்கே ஒரு தொழில்.

அன்று இரவு ஜெபம் முடிந்தபின் அத்தை தாங்களாகவே பேசினார்கள். அவர்களுடைய சாட்சியைச் சபையில் பலமுறை கேட்டிருக்கிறேன். "அந்தகாரத்தில் இருந்த என்னைக் கர்த்தர் விடுவித்தார்" என்று ஒரே வாக்கியத்தில் அதைக் கடந்துவிடுவார்கள். அந்த வாக்கியத்திற்குள் என்ன இருந்தது என்பதை நான் அறிந்தது அன்றைக்குத்தான்.

கல்யாணமான மூன்றாம் வருஷம். தலைப்பிள்ளை எட்டாம் மாதத்தில் இறந்து பிறந்திருக்கிறது. நாற்பது நாள் கழிந்து கிணற்றடிக்குப் போனபோது, துவைக்கிற கல்லின் ஓரத்தில் மண் இளகியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். கிளறிப் பார்த்தால் மஞ்சள் பூசிய முட்டை. குறுக்கும் நெடுக்கும் கறுப்புக் கோடுகள். அன்று முதல் அந்தக் கிணற்றுத் தண்ணீரை வீட்டில் ஒருவரும் தொடவில்லை. குடிக்கிற தண்ணீருக்கு இரண்டு வயல் தாண்டிப் போய்வந்தார்கள். யார் வைத்தது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சந்தேகித்து, கொழுந்தியாளோடு பேச்சு நின்றது. ஏழு மாதம் இப்படிப் போயிற்று. முட்டையை எடுக்கவும் பயம், விட்டுவைக்கவும் பயம். அந்த வருஷம் முழுவதும் கோழி அடைகாத்தாலே மனம் பதறுமாம்.

அப்போது கால்நடையாகச் சுவிசேஷம் அறிவித்துவந்த ஒரு ஊழியக்காரர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வாசலில் நின்றிருக்கிறார். இந்தக் கிணற்றில் ஆகாது என்று அத்தை காரணத்தைச் சொன்னார்கள். அவர் பெரிய பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. கிணற்றடிக்குப் போய் ஜெபம்பண்ணி, வெறுங்கையால் அந்த முட்டையை எடுத்து எருக்குழியில் எறிந்தார். பிறகு அதே கிணற்றிலிருந்து தாமே இறைத்துக் கையைக் கழுவி, இரண்டு கை நிறைய அள்ளிக் குடித்தார். "சாயங்காலம் வரைக்கும் அந்த மனுஷன் சாகறாரான்னு திண்ணையிலயே உக்காந்து பாத்துட்டிருந்தேன் கண்ணு" என்று சொல்லும்போது அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சாகவில்லை. மறுவாரமும் வந்தார். அடுத்த வருஷம் அத்தையும் மாமாவும் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

பேத்தி கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில்தான் மேலே சொன்ன இரண்டு பதில்களும் எனக்கு உதவவில்லை. பாபிலோனிய தேவதையின் கதை பலவீனமானது. அதைப் புத்தகத்தைக் கொண்டு மறுத்துவிடலாம். அத்தை கண்டதோ புத்தகத்தில் உள்ளதல்ல. கொரிந்து சபையில் விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்ட மாம்சத்தைக் குறித்து இப்படிப்பட்ட வழக்கே எழும்பிற்று. விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அறிந்தவர்களின் அறிவு சரியானதே என்று அப்போஸ்தலனாகிய பவுல் ஒப்புக்கொள்ளுகிறார். ஆனால் அந்த அறிவு எல்லாரிடத்திலும் இல்லை என்றும், பழைய வழக்கத்தின் நினைவோடு புசிக்கிறவனுடைய மனச்சாட்சி காயப்படுமானால் தான் மாம்சமே புசிப்பதில்லை என்றும் எழுதுகிறார். நகரத்தில் நாம் இதை வாசிக்கும்போது பலவீனமான சகோதரன் என்றால் யாரோ விசுவாசத்தில் குறைந்தவன் என்று நினைக்கிறோம். அத்தை விசுவாசத்தில் குறைந்தவர்களா? ஐந்து மணி ஜெபத்தை ஒருநாளும் விடாதவர்கள். மனச்சாட்சியில் தழும்பு இருப்பது பலவீனம் என்றால், அந்தத் தழும்பு யுத்தத்தில் பட்டது.

என் மகளின் ஆசையையும் அற்பமாக எண்ண எனக்கு மனமில்லை. பெங்களூரில் அவளோடு படிக்கிற பிள்ளைகளுக்குத் தீபாவளி உண்டு, ரம்ஜான் உண்டு, ஓணம் உண்டு. எங்கள் பிள்ளைகளுக்கு "நாம் அதைச் செய்வதில்லை" என்கிற வாக்கியமே மிகுதியாய்க் கிடைக்கிறது. கர்த்தர் உயிர்த்தெழுந்த நாளில் கையால் செய்து பிறருக்குக் கொடுக்க ஏதாவது ஒன்று வேண்டும் என்று அவள் கேட்டதில் என்ன தவறு? இந்த வருஷம் வேண்டாம், பெங்களூருக்குத் திரும்பியபின் பார்த்துக்கொள்வோம் என்று அவளிடம் சொன்னேன். சரி என்று தலையசைத்தாள். முகம் மட்டும் சரி என்று சொல்லவில்லை.

வழியை உண்டாக்கியது அத்தையே. பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மத்தியானக் குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள், சருகை முறத்தில் தனியே சேர்த்துவைத்தார்கள். எதற்கு என்று கேட்டேன். "நீ சொன்னியே, ஏதோ ஊர்ல வெங்காயச் சருகு போட்டு வேகவைப்பாங்கன்னு. அது சமையல்தானே?" என்றார்கள். நிபந்தனைகள் மூன்று. மஞ்சள் வேண்டாம். குங்குமச் சிவப்பு வேண்டாம். எழுத்தோ கோடோ கூடாது. அதிலும் கர்த்தருடைய நாமத்தை, உரித்துக் குப்பையில் போடுகிற ஓட்டின்மேல் எழுதக்கூடாது. கடைசி நிபந்தனை பயத்தினால் வந்ததல்ல, பயபக்தியினால் வந்தது. வேதத்தை நன்றாகப் படித்தவர்கள்கூட யோசிக்காத ஒன்று.

செய்முறையை விரும்புகிறவர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நாட்டுக்கோழி முட்டையின் ஓடு பழுப்பாக இருப்பதால் அதில் மென்மையான வண்ணம் தெரியாது. கேரளத்துக்கு நாமக்கல்லிலிருந்து லாரியில் வருகிற வெள்ளை முட்டையே இதற்கு ஏற்றது. முட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்துக்கொள்ளவேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சாயம் பிடிக்காது. ஆறு முட்டைகளுக்குப் பத்து, பன்னிரண்டு பெரிய வெங்காயத்தின் சருகு வேண்டும். சின்ன வெங்காயமானால் இரண்டு கை நிறைய. ஒரு லிட்டர் தண்ணீரில் அதை அரை மணி நேரம் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேர்க்கவேண்டும். அலுமினியப் பாத்திரம் ஆகாது; வினிகர் அதை அரிக்கும். எவர்சில்வர் நல்லது. பிறகு முட்டைகளை அதிலே இட்டுச் சிறுதீயில் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே விட்டுவிடலாம். நேரம் ஆக ஆக இளஞ்செம்மை செங்கல் நிறமாகி, பின் ஆழ்ந்த செம்பழுப்பாகும்.

வினிகர் எதற்கு என்று மகள் கேட்டாள். முட்டை ஓடு ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லும் அதுவே. புளிப்பு பட்டவுடன் ஓட்டின்மேல் குமிழிகள் கிளம்பும். வழுவழுப்பு போய் மேற்பரப்பு சொரசொரப்பாகிறது; சாயம் அதில் பற்றிக்கொள்ளுகிறது. ஆனால் எல்லாச் சாயத்துக்கும் வினிகர் ஆகாது. பதிமுகக் கட்டையில் இது தலைகீழ். புளிப்பு சேர்ந்தால் அதன் சிவப்பு மறைந்து மஞ்சளாகிவிடும். சுண்ணாம்புத் தன்மை பட்டால் சிவப்பு தெளியும். ஆகையால் பதிமுகத்தை வெறும் தண்ணீரில் காய்ச்சி, வெந்த முட்டையை அதிலே இரவு முழுவதும் ஊறவைத்தோம். இளஞ்சிவப்பு என்றபடியால் அத்தை சம்மதிப்பார்களோ என்று தயங்கினேன். "அது குடிக்கிற தண்ணிதானே" என்று சொல்லிவிட்டார்கள். மஞ்சளும் சோற்றில் போடுகிறதுதானே என்று நான் கேட்கவில்லை.

வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைசெய்யும் உறவினர் கொண்டுவந்திருந்த டஸ்ட் டீயைக் கெட்டியாகக் காய்ச்சியதில், பொரித்த வடையின் நிறம் கிடைத்தது. வேலியில் படர்ந்திருந்த சங்குப்பூவை வெந்நீரில் போட்டபோது நீலம் இறங்கிற்று. எலுமிச்சம்பழச்சாறு ஒரு சொட்டு விட்டால் அது ஊதாவாக மாறும். பிள்ளைகள் அந்த ஒரு வித்தையைப் பத்துத் தடவை செய்தார்கள். நகரத்தில் சங்குப்பூ கிடையாதவர்கள் ஊதா முட்டைக்கோஸில் பாதியை நறுக்கிக் கொதிக்கவைத்து, வினிகர் சேர்த்து, வெந்த முட்டையைக் குளிர்பதனப் பெட்டியில் இரவெல்லாம் ஊறவைத்தால் நல்ல நீலம் வரும். சிவப்புக் காயிலிருந்து நீலம் வருவது முதன்முறை பார்க்கிறவர்களுக்கு நம்பமுடியாமல் இருக்கும். பீட்ரூட்டை நான் சிபாரிசு செய்யமாட்டேன். தண்ணீரில் அவ்வளவு அழகாய் இருப்பது, ஓட்டில் மங்கிப்போகிறது.

எழுத்தும் கோடும் இல்லாமல் அழகு எப்படி? இதற்கும் கிழக்கு ஐரோப்பாவில் ஒரு பழைய வழி உண்டு. கொத்துமல்லித் தழை ஒன்றைத் தண்ணீரில் நனைத்து முட்டையின்மேல் ஒட்டி, மெல்லிய துணியால் இறுக்கிச் சுற்றி, இரு முனையையும் நூலால் கட்டி, வெங்காயச் சாற்றில் வேகவைக்கவேண்டும். துணியைப் பிரித்துத் தழையை எடுத்தால், செம்பழுப்பின் நடுவே அந்தத் தழையின் வடிவம் வெள்ளையாய் நிற்கும். மாமாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தவர்களும் அத்தைதான். கொத்துமல்லி, முருங்கை, தொட்டாற்சிணுங்கி என்று தோட்டத்தில் இருந்த சிறு இலைகளையெல்லாம் பேத்தியும் அவர்களும் சேர்ந்தே பொறுக்கினார்கள். முருங்கை இலைதான் எல்லாவற்றிலும் தெளிவாக விழுந்தது. ஆறினபின் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் மினுமினுக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஏப்ரல் மாதத்தில் பாலக்காட்டுக் கணவாயில் வெயில் 40 டிகிரியை நெருங்கும். வெந்த முட்டையை ஒரு மணி நேரத்திற்குமேல் வெளியே அலங்காரமாக வைக்கக்கூடாது. வைத்தால் அதைப் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுக்கக்கூடாது. ஊறவைப்பதும் குளிர்பதனப் பெட்டிக்குள்ளேயே நடக்கட்டும். ஒரு வாரத்திற்குள் தீர்த்துவிடவேண்டும். விரிசல் விட்டதை அன்றைக்கே தின்றுவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் அப்படி நான்கு முட்டைகள் சனிக்கிழமை இரவே தீர்ந்தன.

மொத்தம் முப்பது முட்டைகள் ஆயத்தமாயின. ஞாயிறு விடியற்காலை ஆராதனைக்குப் பின் சபையில் இவற்றைப் பகிரலாமா என்று மகள் கேட்டாள். சபையில் அத்தையைப்போல வேறு யாருடைய கிணற்றடியில் என்ன கிடந்ததோ நாம் அறியோம், ஆகவே வேண்டாம் என்று அத்தையே சொன்னார்கள். பக்கத்து வீட்டுச் சுரியானிக் குடும்பத்துக்கும், எதிர்வீட்டு ராவுத்தர் வீட்டுக்கும், ஏழு மாதம் பேச்சு நின்றுபோன அந்தக் கொழுந்தியாள் வீட்டுக்கும் கூடையில் வைத்துப் பேத்தியின் கையில் கொடுத்தனுப்பினார்கள். சின்னத்தை இப்போது எண்பதைக் கடந்தவர்கள். முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உங்க அப்பத்தாவா குடுத்தனுப்புனா?" என்று இரண்டு தடவை கேட்டார்களாம்.

ஆராதனை முடிந்து திரும்பி, காலை ஆகாரத்திற்கு எல்லாரும் உட்கார்ந்தபோது, முருங்கை இலை விழுந்த ஒன்றை மகள் அப்பத்தாவின் தட்டில் வைத்தாள். அத்தை அதைக் கையில் எடுத்துச் சிறிது நேரம் பார்த்தார்கள். மேசை விளிம்பில் தட்டி உடைத்து, செம்பழுப்பு ஓட்டைச் சில்லுச் சில்லாக உரித்தார்கள். உள்ளே வெள்ளைக்கருவின்மேல் விரிசல் வழியே சாயம் இறங்கி, மெல்லிய நரம்புகளைப்போலப் படிந்திருந்தது. ஸ்தோத்திரம்பண்ணி ஒரு வாய் கடித்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, "உப்பும் மொளகுத்தூளும் எடுத்துட்டு வா கண்ணு" என்றார்கள்.